கேட் பக்கம், டிரைவர் பக்கம்

நாற்பதை நெருங்கி, படியிறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. "ஒயரு கட்டி இழுத்த வண்டியெல்லாம் ரோபோவா?" என்று என் வீட்டுச் சின்னவளே கேட்டுவிட்டாள். அழைப்பிதழில் ரோபோ என்றுதான் போட்டிருந்தது. நாங்களும் நம்பினோம். நம் காலத்தில் எதையும் இரண்டாவது தடவை கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாதே.

தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் ஆன சமயம். தில்லிக் குளிர். காலையில் பள்ளிக்குப் போனால் பனிமூட்டத்தில் கொடிக்கம்பம் பாதிவரைக்கும்தான் தெரியும். ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு, பல் தந்தியடிக்க, பிரார்த்தனை பாடுவோம். அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பா எனக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்தார். எனக்கு மட்டும். போவதற்கு மட்டும்.

காரணம் ரொம்பச் சுலபம். நான் எட்டாம் வகுப்பில் இரண்டாம் முறையாக உட்கார்ந்திருந்தேன். அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் ஏழு மார்க். இன்னொரு தடவை ஃபெயிலானால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். "அவங்க குடுக்கதுக்கு முந்தி நாமளே வாங்கிக்கிட்டா மரியாதையாப் போயிரும்" என்றார் அப்பா. திருநெல்வேலிப் பக்கம் பெரியப்பா வீட்டில் என்னை விடுவது, பெரியப்பாவுக்குத் தெரிந்த ஹெட்மாஸ்டர் என்னைச் சேர்த்துக்கொள்வார், அப்புறம் என் தலையெழுத்து. ஊர் என்பது எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போய்க் கொசுக்கடி வாங்கிக்கொண்டு வரும் இடம். நான் தில்லி முனிர்காவில், மூன்றாம் மாடி வாடகை வீட்டில் வளர்ந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அங்கே போய் வரலாறு, புவியியல் எல்லாவற்றையும் தமிழில் படிப்பதை நினைத்தாலே பயமாக இருக்கும். அம்மா இல்லாமல் தூங்கியதும் கிடையாது. இதை வெளியே சொல்ல வெட்கம்.

எனக்கு என்னதான் கோளாறு? பன்னிரண்டு என்று மனதில் சொல்லிக்கொண்டு இருபத்தொன்று என்று எழுதுவேன். ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'பி'யும் 'டி'யும் எனக்கு ஒரே எழுத்து, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு நிற்கும். பத்து வயதுவரை செருப்பை மாற்றித்தான் போட்டேன். வலது எது, இடது எது என்று திடீரென்று கேட்டால் எனக்கு உள்ளே எல்லாம் நின்றுபோகும். "சோத்தாங்கைப் பக்கம்னு நெனச்சுக்கோயேன், இதுல என்ன கஷ்டம்?" என்பாள் அம்மா. எனக்குப் பிறவியிலேயே இடதுகைப் பழக்கம். அடித்து அடித்து வலது கைக்கு மாற்றினார்கள். சோத்தாங்கை என்றால் இரண்டு கையும் எழுந்து நிற்கும், எதை நம்ப?

இன்றைக்கு இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். அன்றைக்கு ஒரே பெயர்தான் இருந்தது, திமிர்.

"ஏட்டி, இது என்ன?"

"பன்னெண்டுப்பா."

"நல்லாப் பாரு."

"பன்னெண்டுதாம்பா."

"இருவத்தொண்ணுட்டி இது! இருவத்தொண்ணு!" நோட்டு பறந்து போய் குளிர்சாதனப் பெட்டியில் அடித்து விழும். "வேணும்னே பண்ணுதா பாரு. புத்தியிருந்தும் வேணும்னே பண்ணுதா."

"விடுங்க, பிள்ளை மொதல்ல சாப்பிடட்டும்" என்று அம்மா சமையலறையிலிருந்தே சொல்வாள். மற்ற வீட்டு அப்பாக்கள் மார்க்கைப் பார்த்துக் கத்தினார்கள். என் அப்பா மார்க்கைப் பார்த்தால் பெருமூச்சுதான் விடுவார். எண்ணைத் திருப்பி எழுதியிருப்பதைப் பார்த்தால் மட்டும் முகம் வெளுத்துவிடும், கை நடுங்கும். என்னைக் கண்டாலே இவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

ரோபோவுக்கு வருகிறேன். லக்ஷ்மிபாய் நகரில் தமிழர்கள் நடத்தும் பள்ளி எங்களுடையது. ஏதோ ஒரு கம்பெனி தில்லிப் பள்ளிகளுக்கெல்லாம் ஓர் அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தது. உள்ளே மோட்டார், சக்கரம், சுவிட்ச், ஒயர். மூன்று பிள்ளைகள் சேர்ந்து ரோபோ செய்து ஜனவரியில் ஒரு சனிக்கிழமை போட்டிக்கு வர வேண்டும். பெட்டி வந்த அன்றைக்கு நான் வகுப்பில் பேசியதற்காக வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டு, அங்கே நின்று அலுத்துப்போய், நகர்ந்து நகர்ந்து பிரின்சிபல் மேடம் அறை வாசல்வரை வந்திருந்தேன்.

"படிக்கிற பிள்ளைங்களை இதுக்கு அனுப்பி அவங்க நேரத்தை வீணாக்காதீங்க சார்" என்றார் மேடம். "எப்படியும் தேறப்போறதில்லைன்னு சில பேர் இருக்காங்க இல்லையா, அவங்களைப் போடுங்க."

"எஸ் மேடம்" என்றது மெழுகுவத்தி சாரின் குரல். அவர் கைத்தொழில் வகுப்பு எடுப்பவர். மெழுகுவத்தி ஊற்றக் கற்றுக்கொடுத்ததால் அந்தப் பெயர். பாவம், மின்சாரம் என்றால் அவருக்குப் பயம். வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். "நீ சும்மாதானே நிக்கிறே? பேரைக் குடு." இப்படித்தான் நான் ரோபோ அணியில் தேர்வானேன்.

இரண்டாவது ஆள், எட்டாம் வகுப்பில் மூன்றாவது வருடமாக இருந்த ரிபீட்டர் அண்ணா. மீசை அரும்பிவிட்டதால் எல்லோரும் கேலியாக அண்ணா என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனாவைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுத்துவிடுவான். ஆனால் பள்ளியில் எந்த மின்விசிறி நின்றாலும் பியூன் அவனைத்தான் தேடி வருவார். மூன்றாவது, நர்ஸம்மா பெண். அவள் அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அவளுக்குத் திக்குவாய். வாய்மொழிக் கேள்விகளில் அவள் முதல் எழுத்தோடு போராடி முடிப்பதற்குள் ஆசிரியர் "நெக்ஸ்ட்" என்றுவிடுவார். பூஜ்யம். அவளுக்குப் பதில் தெரியும் என்பதே பலருக்குத் தெரியாது. இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு மெழுகுவத்தி சார் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

பெயரை மாற்ற முடியாது என்று பிரின்சிபல் மேடம் சொன்னதால், அப்பா எடுத்த டிக்கெட் போட்டிக்கு மறுநாளுக்கு ஆனது. ஞாயிற்றுக்கிழமை இரவு. அப்பாவின் ஆபீஸ் நண்பர் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார், அவர்களோடு நான். டிக்கெட்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். தினமும் விபூதி எடுக்கும்போது அதன் ஓரம் தெரியும்.

கைத்தொழில் அறையில் உருகிய மெழுகு வாடை நிரந்தரமாக இருக்கும். அதோடு சால்டரிங் புகையும் சேர்ந்துகொண்டது. ஈயம் பற்றவைக்கும்போது வருமே, லேசாகச் சாம்பிராணி போல, அந்த வாசனை. உங்களில் யாராவது சின்ன வயதில் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சுர்ரென்று புளிக்கும். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் இருந்த ஒரே கருவி ரிபீட்டர் அண்ணாவின் நாக்குதான்.

முதல் நாள் ஒரு மோட்டாருக்கு நான் ஒயர் பற்றவைத்தேன். சுவிட்சை அழுத்தினால் ஒரு சக்கரம் முன்னால் ஓடுகிறது, நான் கட்டிய சக்கரம் பின்னால் ஓடுகிறது. வண்டி நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. எனக்குத் தோள் தானாகக் குறுகியது. இப்போது யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன்.

நர்ஸம்மா பெண் குனிந்து பார்த்தாள். "மா... மாத்திக் கட்டுனா போதும்" என்றாள்.

"உல்டா கனெக்‌ஷன், ஹோதா ஹை" என்றான் ரிபீட்டர் அண்ணா, தலையைக்கூடத் தூக்காமல். திருப்பிக் கட்டிவிட்டாய், இதெல்லாம் நடக்கிறதுதான் என்று அர்த்தம்.

அவள் இரண்டு ஒயரையும் எடுத்து இடம் மாற்றிப் பற்றவைத்தாள். சக்கரம் ஒழுங்காக ஓடியது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. மோட்டாருக்குத் திமிர் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

போட்டி எப்படியென்றால், தரையில் பலகையால் ஒரு பாதை போட்டிருப்பார்கள். வளைவுகள், நடுவில் மரக்கட்டைகள். சுவிட்சுப் பெட்டியை வைத்து ஓட்டுகிறவர் பாதைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் பாதையின் மறுமுனையில் நின்று, பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் ஒயர் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் கோட்டைத் தொட வேண்டும். ஓட்டுவதற்கு ரிபீட்டர் அண்ணாவின் விரல்தான் சரி. நர்ஸம்மா பெண்ணால் அவசரத்தில் கத்த முடியாது, அவள் ஒயர். மிச்சம் நான். எனக்குத் தொண்டை உண்டு, அதற்காகத்தானே வகுப்புக்கு வெளியே நிற்பேன்.

வராந்தாவில் செங்கலும் டஸ்டரும் அடுக்கி ஒத்திகை பார்த்தோம். முதல் வளைவிலேயே வண்டி சுவரில் முட்டியது.

"அரே, லெஃப்ட்டா ரைட்டா?"

"லெஃப்ட்! இல்ல இல்ல, ரைட்! இந்தப் பக்கம்!"

"எந்தப் பக்கம்? எனக்கு என்ன முதுகுல கண்ணா இருக்கு?"

வண்டி எனக்கு எதிரே வரும்போது இன்னும் மோசம். அதன் வலது என் இடது, என் இடது எதுவென்று எனக்கே தெரியாது. நாலு நாளில் இரண்டு சக்கரம் உடைந்தது. ரிபீட்டர் அண்ணா பெட்டியைத் தரையில் போட்டுவிட்டுக் கத்தினான். "நீ எப்பவும் தப்பா சொல்லு, நான் உல்டா பண்ணிக்கிறேன். பாதி நேரம் சரியா வேற சொல்றே, நான் என்னதான் பண்றது!"

மெழுகுவத்தி சார் உதவி செய்ய வந்தார். ஆங்கிலம்தான் சிக்கல் என்று நினைத்து, இந்தியில் சொல்லிப் பார் என்றார். வலதுக்குத் தாயேன், இடதுக்குப் பாயேன். மறக்காமலிருக்க என் உள்ளங்கைகளில் பேனாவால் எழுதியும் விட்டார், ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒன்றில் தாயேனுக்கு 'டி', மற்றதில் பாயேனுக்கு 'பி'. உலகத்தில் இருக்கிற அத்தனை எழுத்திலும் எனக்கு ஆகாத இரண்டைத் தேடிப் பிடித்தார், மகராசன். அன்றைக்கு வண்டி தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் நானும் நர்ஸம்மா பெண்ணும் தொங்கிக்கொண்டு போனோம். அவள் வீடும் முனிர்காவில்தான். "கேட் சோடோ! கேட் பே மத் ருக்கோ!" என்று, கதவை விட்டு உள்ளே போகச் சொல்லி, கண்டக்டர் வழக்கம்போல் கூவிக்கொண்டிருந்தார். அணியை விட்டு நின்றுவிடலாம், எப்படியும் ஊருக்குத்தானே போகப்போகிறோம் என்று எனக்கு இருந்தது. அவள் என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

"நீ க... கண்ணை மூடு. கேட் எங்க?"

கையைக் காட்டினேன்.

"டி... டிரைவர்?"

காட்டினேன். கண்ணைத் திறந்தால் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நீ யோ... யோசிக்கவே இல்ல பாத்தியா பிள்ளே! நம்ம ரோபோவும் ப... பஸ்தான்."

எட்டு வருடமாகத் தினமும் அந்த பஸ்ஸில் நசுங்கியிருக்கிறேன். எந்தப் பக்கம் இறங்கினால் பிழைப்போம் என்பது என் உடம்புக்கே தெரியும். மறுநாள் வராந்தாவில் வண்டிக்குள் முன்சீட்டில் நானே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அது எனக்கு எதிரே வந்தாலும் சரி, திரும்பிப் போனாலும் சரி, நான் உள்ளே இருக்கிறேன், கதவு இருக்கிற பக்கம்தான் இருக்கிறது. "கேட்... கேட்... போதும். சீதா போ. டிரைவர்... டிரைவர்... ருக்கோ!" சீதா என்றால் நேரே, ருக்கோ என்றால் நில். ஒரு செங்கல்கூட அசையவில்லை. ரிபீட்டர் அண்ணா பெட்டியோடு திரும்பி வாயைப் பிளந்து நின்றான்.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. கணக்கு நோட்டிலும் பஸ் ஓடியது. பத்தாம் இடத்து எண் கேட் பக்கம் நிற்கும், ஒன்றாம் இடத்து எண் டிரைவர் பக்கம் உட்காரும். பன்னிரண்டை எழுதி, டிரைவர் சீட்டில் யார் என்று பார்ப்பேன். இரண்டு இருந்தால் சரி. நேரம் பிடித்தது, ஆனால் பிடிபட்டது. நர்ஸம்மா பெண் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தட்டிக் காட்டுவாள். வகுப்பில் வாயே திறக்காதவள் என்னிடம் திக்கித் திக்கி நாளெல்லாம் பேசினாள். ரிபீட்டர் அண்ணா மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒரு வாரம் முழுக்க மட்டம் போடாமல் வந்தான். ஜனவரி மாதத் தேர்வில் எனக்குக் கணக்கில் முப்பத்தெட்டு. பாஸ்!

பேப்பரை மடிக்காமல், கசங்காமல், பஸ்ஸில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஆபீஸிலிருந்து வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் புரட்டினார்.

"யாரைப் பாத்து எழுதுன?"

"நானேதாம்பா. கேட் பக்கம்..."

"என்ன கேட்டு? ஏட்டி, பொய் சொல்லாத. டிக்கெட் எடுத்தாச்சு, பெரியப்பாவுக்குக் கடுதாசியும் போட்டாச்சு. இனிமே ஒரு பேப்பரைக் காட்டி என்ன செய்ய?"

அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு நான் அப்பாவை மனதுக்குள் திட்டிய திட்டு எதுவும் இங்கே எழுத லாயக்கில்லை. போட்டியில் ஜெயித்துக் காட்டினால் ஒருவேளை டிக்கெட்டைக் கிழிப்பார் என்று ஒரே ஒரு நப்பாசை மட்டும் மிச்சமிருந்தது.

சனிக்கிழமை. முனிர்காவைத் தாண்டி ஒரு கல்லூரியின் பெரிய கூடம். பெண் பிள்ளைகளோடு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டதால் அப்பா அரை நாள் லீவு போட்டு வந்து, கடைசி வரிசையில், மடியில் ஆபீஸ் பையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டில் என் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய பள்ளிப் பிள்ளைகள் கோட்டும் டையுமாக வந்திருந்தார்கள். அவர்கள் வண்டிகள் பளபளத்தன. எங்கள் வண்டிக்கு மெழுகுவத்தி அட்டைப்பெட்டிதான் உடம்பு.

எங்கள் முறைக்கு முன்னால் இரண்டே அணிகள் பாக்கி. அப்போதுதான் மெழுகுவத்தி சார் சட்டைப்பையிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்துப் பிரித்தார். படிக்கப் படிக்க அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. "லெஃப்ட், ரைட், ஸ்ட்ரெய்ட், பேக், ஸ்டாப். இந்த அஞ்சு வார்த்தைதான் சொல்லலாமாம். இந்தியிலயும் சொல்லலாம். வேற எதுவும் கூடாதாம்."

"சார், இதை இப்பவா சொல்றீங்க!" ரிபீட்டர் அண்ணா அலறினான்.

"லெஃப்ட் ரைட்தானேப்பா, எல்.கே.ஜி. பிள்ளை சொல்லுமே."

நர்ஸம்மா பெண் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

விசில். வண்டி கிளம்பியது. முதல் வளைவு. நான் "லெஃப்ட்" என்றேன். வண்டி தப்பான பக்கம் திரும்பிக் கட்டையில் முட்டியது. "ரைட், ரைட்" என்றேன், இன்னொரு கட்டை சாய்ந்தது. கூடத்தில் களுக்கென்று சிரிப்பு. கடைசி வரிசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் கண்ணுக்குள் வந்து நின்றது. அடுத்த வளைவில் என்னை அறியாமல் வாய் கத்திவிட்டது. "கேட்! கேட்! சீதா!" வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல அழகாகத் திரும்பியது. உடனே விசில்.

நடுவர் ஒரு கல்லூரி ஆசிரியை, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். மேசைக்குக் கூப்பிட்டார். இது என்ன ரகசிய பாஷை, இதில் வேறு ஏதாவது தகவல் அனுப்புகிறீர்களா என்று இந்தியில் கேட்டார். இல்லை மேடம், பஸ்ஸில் கேட் இருக்கிற பக்கம், டிரைவர் இருக்கிற பக்கம் என்றேன். அப்படியென்றால் லெஃப்ட், ரைட் என்று சொல்ல வேண்டியதுதானே?

"சாரி சொல்லிடு, சாரி சொல்லிடு" என்று பின்னாலிருந்து ரிபீட்டர் அண்ணா முணுமுணுத்தான். சாரி சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம் மேடம் என்று மழுப்பியிருக்கலாம். அத்தனை வருடமும் அப்படித்தான் மழுப்பியிருந்தேன். அன்றைக்கு ஏனோ முடியவில்லை.

"முஜே நஹீ ஆத்தா, மேடம்" என்றேன். "லெஃப்ட் ரைட் எனக்கு வராது."

"எந்த வகுப்பு நீ?"

"எட்டு."

கூடம் சிரித்தது. கோட்டுப் போட்ட ஒரு பையன் சத்தமாகவே சிரித்தான். நடுவரின் முகம் சிவந்தது, நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். "ஜான்பூஜ்கர் கர் ரஹீ ஹோ?" என்றார். வேணும்னே பண்றியா. இந்தியிலும் அதே கேள்வி. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்து வந்துகொண்டிருந்தார், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலடிச் சத்தம் என்னைத் தாண்டி மேசைக்குப் போனது.

"நஹீ மேடம்" என்றார் அப்பா. அவருடைய இந்தி எப்போதும் திருநெல்வேலி வாடையோடுதான் வரும். "ஜான்பூஜ்கர் நஹீ. உஸ்கோ நஹீ ஆத்தா." வேணும்னு இல்ல, அவளுக்கு வராது. பிறகு பையை மேசைமேல் வைத்தார். "முஜே பீ நஹீ ஆத்தா."

எனக்கும் வராது.

நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தார், கை நடுங்கியது. ஃபைல் நம்பர் ஒவ்வொன்றையும் மூன்று தடவை எழுதிப் பார்த்துத்தான் வைப்பேன் மேடம், ஆபீஸில் யாருக்கும் தெரியாது, பிரமோஷன் பரீட்சை எழுதுவதையும் விட்டுவிட்டேன் என்று அரைகுறை இந்தியில் சொன்னார். அந்தப் பரீட்சையை ஆபீஸ் அரசியலால்தான் எழுதவில்லை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னது எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. எனக்குக் கேட்டது. அந்த வெளுத்த முகமும் நடுங்கிய கையும் என்மேல் இருந்த வெறுப்பு இல்லை என்று புரிய எனக்கு இன்னும் எத்தனையோ வருடம் பிடித்தது. தன் நோட்டைத்தான் அவர் தூக்கி எறிந்துகொண்டிருந்தார், இத்தனை காலமும்.

நடுவர் ஒரு தாளில் இரண்டு வார்த்தைகளையும் எழுதி, கேட் என்றால் இடது, டிரைவர் என்றால் வலது என்று உதவியாளரிடம் கொடுத்தார். போன நேரம் போனதுதான், ஒன்றரை நிமிடம் மிச்சம், விட்ட இடத்திலிருந்து ஓட்டுங்கள் என்றார்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் நான் போட்ட கூச்சலுக்கு முனிர்கா கண்டக்டர்கள் தோற்றார்கள். "டிரைவர்! டிரைவர்! ருக்கோ! சீதா! கேட்... கேட்... சீதா!" நர்ஸம்மா பெண் ஒயரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரிபீட்டர் அண்ணாவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு கட்டையும் விழவில்லை. கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி வந்துகொண்டிருக்கும்போது விசில் ஊதிவிட்டது.

பரிசு கிடையாது. ஆறுதல் பரிசுகூடக் கிடையாது. மெழுகுவத்தி சார் மட்டும் எங்கள் மூன்று பேருக்கும் சமோசா வாங்கிக்கொடுத்தார், விதிமுறைத் தாளை மறந்த குற்ற உணர்ச்சியில்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ரிபீட்டர் அண்ணா அந்த வருடம் எட்டைத் தாண்டினான், பத்தைத் தாண்டவில்லை. இப்போது லிஃப்ட் பழுது பார்க்கிறான், தில்லியில் பாதிக் கட்டடங்கள் அவன் கையில். நர்ஸம்மா பெண் இன்னமும் திக்குகிறாள். ஒரு பொறியியல் கல்லூரியில் திக்கித் திக்கியே பாடம் நடத்துகிறாள், யாரும் "நெக்ஸ்ட்" என்று சொல்வதில்லை. வண்டியைத்தான் காப்பாற்றவில்லை. அடுத்த தீபாவளிக்கு அறையைச் சுத்தம் செய்தபோது பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கல்லூரி வாசலில் அப்பாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அப்பா வேர்க்கடலை வாங்கி, பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். தோற்றாகிவிட்டது. ஒவ்வொரு கடலையாக உரித்துக்கொண்டே, அம்மா இந்நேரம் பெட்டியைப் பூட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலம் காலியாகிவிட்டது. இனிமேல் பொறுக்க முடியாது என்று கேட்டேவிட்டேன்.

"அப்பா, நாளைக்கு ரயிலு எத்தனை மணிக்கு?"

அப்பா பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ரயிலு?" என்றார்.